ஏலம்: லிஸ்பனிலிருந்து மலாக்கா வரை ஒரே சொல்லா?

அலைவாய் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பத்து நாளாக ஒரே ஒரு சொல் என்னை விடமாட்டேன் என்கிறது: ஏலம்.

உடன் வேலை பார்க்கும் மலையாளி ஒருவர் பேச்சுவாக்கில் 'லேலம்' என்றார். நாக்கு தடுமாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டால், அவர்கள் மொழியில் சொல்லே அதுதானாம். அன்று இரவு மற்ற மொழிகளையும் புரட்ட ஆரம்பித்தேன். தெலுங்கில் வேலம். இந்தியிலும் உருதுவிலும் நீலாம், வங்காளியில் நிலாம். மராத்தியில் லிலாவ். நேபாளியில் லிலாம். கடல் தாண்டினால் மலாய்க்காரர்கள் லெலோங் என்கிறார்கள், இந்தோனேசியாவில் லெலாங், தாய் மொழியில் லேலங். அத்தனையும் ஒரே சொல்லின் பிள்ளைகள்!

தாய்ச்சொல் போர்ச்சுகீசிய மொழியில் இருக்கிறது. 'லெய்லாவ்' என்று எழுதலாம், ஆனால் அந்தக் கடைசி 'ஆவ்' மூக்கில் ஒலிக்க வேண்டும். போர்ச்சுகீசியர் 1498இல் இந்தியக் கரைக்கு வந்தார்கள், 1510இல் கோவாவைப் பிடித்தார்கள், 1511இல் மலாக்காவை. சொல்லும் அவர்களோடு துறைமுகம் துறைமுகமாக இறங்கியிருக்கிறது. லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் 1580களில் கோவாவில் பேராயரின் செயலாளராக இருந்தவர். அங்கே 'நேர்த்தெரு' என்ற பெரிய வீதியில் காலைதோறும் கூடிய சந்தையைத் தன் நூலில் வர்ணிக்கிறார். குதிரை, துணி, இறந்துபோனவர்களின் உடைமை, அடிமைகளாக்கப்பட்ட மனிதர்கள் என எல்லாவற்றையும் கூவி விற்றிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு அங்கே பெயரே இந்தச் சொல்தான். மனிதர்களைக் கூவி விற்ற இடத்தில் புழங்கிய சொல் என்று தெரிந்த பிறகு அதை என்னால் பழையபடி சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

போர்ச்சுகீசியரும் இதைக் கடன் வாங்கியவர்கள்தான். அரபியில் 'இஃலாம்' என்றால் அறிவித்தல். (நடுவில் உள்ளது தொண்டையின் அடியிலிருந்து வரும் 'ஐன்' என்ற மெய். தமிழில் அதற்கு எழுத்து கிடையாது, ஆய்தம் போட்டு ஒப்பேற்றியிருக்கிறேன்.) அதற்கு முன்னால் 'அல்' என்ற சுட்டு சேர்ந்தால் 'அல்-இஃலாம்'. ஐபீரியாவில் (இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல்) அரபி பேசப்பட்ட நூற்றாண்டுகளில் 'அல்' ஒட்டியபடியே எத்தனையோ சொற்கள் போர்ச்சுகீசியத்துக்குள் வந்தன. இதில் முதல் 'அ' உதிர்ந்தது, 'ல்' மட்டும் ஒட்டிக்கொண்டு சொல்லின் முதல் எழுத்தாகிவிட்டது.

இனிமேல்தான் என்னைத் தூங்கவிடாத விஷயம். அந்த 'ல்' சொல்லின் உடம்பில் பிறந்ததல்ல, வழியில் ஒட்டிய தூசு. மலையாளம், மராத்தி, மலாய் எல்லாம் தூசோடு வாங்கிக்கொண்டன. தமிழ் வாங்கும்போதே அதைத் தட்டிவிட்டது! லெய்லாவ் 'ஏலம்' ஆனபோது மிஞ்சியது ஏறக்குறைய அந்தப் பழைய 'இஃலாம்'. யாரும் அரபி பார்த்துத் திருத்தவில்லை. தமிழ்க் காது தானாகச் செய்த வேலை இது.

இதே போலப் பயணம் போன சொற்கள் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். என் வாதத்தில் ஓட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

---

வேர்நாடி எழுதியது:

அலைவாய் அவர்களுக்கு வணக்கம். உழைப்பு தெரிகிறது, ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை.

'ஏல்' என்பது தமிழ் வினை. ஏற்றுக்கொள்ளுதல், இயலுதல். ஏல்+அம் = ஏலம். கேட்ட விலைகளில் எது ஏற்கப்படுகிறதோ அதுவே ஏலம். பொருள் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். கப்பலில் வந்தவன் நம்மிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடாதா? எந்தச் சொல்லைத் தொட்டாலும் அயல்மொழி என்று எழுதிக் கொடுத்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கட்டுமரம் இங்கிருந்துதானே போனது?

---

ஒலிக்கூடம் எழுதியது:

வேர்நாடி ஐயா, பொருள் பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்தால் எந்தச் சொல்லையும் எந்த மொழிக்கும் எழுதிவைத்துவிடலாம். ஒலி பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும், அதுவும் ஒரு சொல்லில் மட்டுமல்லாமல் வரிசையாக.

தமிழ் 'ஏலம்'தான் மூலம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மலையாளம், மராத்தி, குஜராத்தி, நேபாளி, மலாய், தாய் அத்தனையும் தனித்தனியாக முன்னால் ஒரு 'ல' சேர்த்திருக்க வேண்டும். அதற்குக் காரணம் என்ன? ஒன்றும் இல்லை. திருப்பிப் போட்டுப் பாருங்கள். மூலத்தில் 'ல' இருந்தது, தமிழில் விழுந்தது என்றால் காரணம் கையிலேயே இருக்கிறது. தொல்காப்பியம் மொழிக்கு முதலாகும் எழுத்துகளைச் சொல்லும்போது லகரத்தை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. லோகம் 'உலகம்' ஆனதும் லாபம் 'இலாபம்' ஆனதும் அதனால்தான்.

இன்னொரு சான்று, இது எனக்கு மிகவும் பிடித்தது. போர்ச்சுகீசிய மூக்கொலி 'ஆவ்' ஒவ்வொரு மொழியிலும் எப்படி விழுந்திருக்கிறது என்று கவனியுங்கள். மராத்திக் காரர்களுக்கு அது 'ஆவ்' என்றே கேட்டிருக்கிறது. ரொட்டிக்கான போர்ச்சுகீசியச் சொல் மராத்தியில் 'பாவ்'. அதே அச்சில் லெய்லாவ் 'லிலாவ்'. இந்திக்காரர்கள் மூக்கொலியை 'ம்' என்று பிடித்து நீலாம் என்றார்கள். நாமும் மலையாளிகளும் அம் விகுதிக்குப் பழகியவர்கள், நமக்கு 'அம்'. மலாய்க் காதில் அது 'ங்'. வெளியே இருக்கும் ஒரே ஒலியைத் தத்தம் காதுக்கு ஏற்றபடி எல்லாரும் பிடித்த தடம் இது. தமிழின் தெளிவான 'அம்' மூலமாக இருந்திருந்தால் மராத்தியில் 'ஆவ்' வருவதற்கு வழியே இல்லை.

அரபி மூலத்தைச் சுட்டியவர் சி. பி. பிரவுன், தெலுங்கு அகராதி செய்த அதே பிரவுன்தான். அவருடைய கையெழுத்துக் குறிப்பைப் பார்த்துத்தான் 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் சொற்களஞ்சியத்தில் இதைச் சேர்த்தார்கள்.

---

வேர்நாடி எழுதியது:

லிலாவ்–பாவ் இணை நான் யோசிக்காதது. அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. நீங்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளில் தமிழ் லகரத்தை நீக்கவில்லை. முன்னால் உயிரெழுத்தைச் சேர்த்தது: உலகம், இலாபம், இலட்சம். அந்தக் கணக்குப்படி 'இலேலம்' என்றல்லவா வந்திருக்க வேண்டும்? ஏன் இங்கே மட்டும் விழுந்தது?

---

அலைவாய் எழுதியது:

ஐயா, சரியான இடத்தில் கையை வைத்துவிட்டீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

இலாபம், இலட்சம் எல்லாம் ஏட்டு வழியாக வந்தவை. இலக்கணம் தெரிந்தவர் கை பட்டவை. ஏலம் துறைமுகத்தில், சத்தத்தில், கூவலில் காதால் பிடித்த சொல். எழுதிப் பார்த்து இகரம் சேர்க்க அங்கே யார் இருந்தார்கள்? அது போக, 'லேல' என்று ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் நாக்கு ஒன்றை விட்டுவிடத்தான் பார்க்கும். தெலுங்கிலும் முதல் 'ல' நிற்கவில்லை, வேலம் என்றுதான் ஆகியிருக்கிறது.

மூன்றாவதாக, 'ஏலம்' என்ற உரு தமிழில் ஏற்கெனவே இருந்தது. ஏலக்காய் தரும் செடி. பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூலுக்கு 'ஏலாதி' என்று பெயர் வந்ததே ஏலம் முதலான ஆறு மருந்துப் பொருள்களை வைத்துத்தான். அவ்வளவு பழைய சொல். புதுச் சொல் வந்து கதவைத் தட்டும்போது, வாய்க்குப் பழகிய ஒரு சட்டை கொடியில் தொங்குகிறது. அதை எடுத்து மாட்டிவிட்டார்கள். நீங்கள் சொன்ன 'ஏல்' வினைகூட அந்தச் சட்டையைப் பொருத்தமாகக் காட்ட உதவியிருக்கலாம். பிறப்பு அதில் இல்லை என்றாலும், வளர்ப்பில் அதற்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

---

மெய்ப்புக்காரன் எழுதியது:

நான் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். 'ஏல விலை' என்று ஒரு தலைப்பு வந்தது. செடியா, கூவலா? கட்டுரை முழுவதும் படித்த பிறகுதான் தெரிந்தது, இரண்டுமே: ஏலக்காய் ஏலத்தின் விலை. கடைசியில் தலைப்பை மாற்றச் சொன்னேன்.

இந்தியில் ஏன் 'நீ' என்று தொடங்குகிறது என்று யாராவது சொல்லுங்களேன்.

---

ஒலிக்கூடம் எழுதியது:

அதுவும் நாக்கு செய்த வேலைதான். இரண்டு லகரம் அடுத்தடுத்து வரும்போது தமிழ் ஒன்றைத் தூக்கிவிட்டது. இந்தி ஒன்றை வேறு ஒலியாக மாற்றிக்கொண்டது. ல–ல என்பது ந–ல ஆனது. இதற்கு வேற்றுமையாக்கம் என்று பெயர். உலகம் முழுக்க நடப்பது. லத்தீனில் துலாக்கோலைக் குறித்த 'லிபெல்லா' குடும்பத்துச் சொல் ஆங்கிலத்தில் 'லெவல்' ஆனது, ஸ்பானிஷில் 'நிவெல்', பிரெஞ்சில் 'நிவோ'. அங்கேயும் முதல் 'ல' நகரமாகிவிட்டது.

போர்ச்சுகீசியர்களே இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். ஆரஞ்சுப் பழத்துக்கு அரபியில் நாரஞ், ஸ்பானிஷில் நரான்ஹா. இரண்டும் மூக்கொலி உள்ள சொற்கள். போர்ச்சுகீசியத்தில் மட்டும் 'லரான்ஜா'. அவர்கள் நகரத்தை லகரமாக்கினார்கள், இந்திக்காரர்கள் அவர்களிடம் வாங்கிய லகரத்தை நகரமாக்கினார்கள்.

இந்தியில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. குலாம்–குலாமீ, சலாம்–சலாமீ என்று பாரசீக வழிச் சொற்களுக்கு 'ஈ' சேர்ப்பது போல இதற்கும் சேர்த்து 'நீலாமீ' என்று புழங்குகிறார்கள். போர்ச்சுகீசியர் கையிலிருந்து வந்த சொல்லுக்குப் பாரசீக வால்.

---

இருகரையாள் எழுதியது:

மலாய், இந்தோனேசிய மொழிகளிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். இந்தச் சொல்லால் பட்ட பாட்டை எழுதியே ஆக வேண்டும்.

தொடக்கத்தில் நான் செய்தது முழுக்கச் சட்ட அறிவிப்புகள். 'ரூமா லெலோங்' என்று வரும், கடன் கட்டாத வீட்டை ஏலம் விடுகிறார்கள் என்று பொருள். லெலோங் என்றால் ஏலம். அகராதியே தேவைப்படவில்லை, காதிலேயே சொந்தம் தெரிந்தது. அந்தத் தைரியத்தில் ஒரு நிறுவனம் பழைய மேசை நாற்காலிகளைக் கழிப்பதற்காகத் தந்த அறிவிப்பில் 'ஜுவாலான் லெலோங்' என்பதை 'ஏல விற்பனை' என்று எழுதிவிட்டேன். தமிழில் படித்தவர்கள் ஏலம் கேட்க முன்பணத்தோடு போய் நின்றிருக்கிறார்கள். அங்கே ஏலமே இல்லை. ஒவ்வொன்றின் மேலும் விலை ஒட்டி, மலிவாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை எனக்கு வந்த தொலைபேசி அழைப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சந்தையில் 'லெலோங்! லெலோங்!' என்று கூவினால் அங்கே 'மலிவு, மலிவு, வாருங்கள்' என்று பொருள். தாய் மொழியிலும் லேலங் என்றால் ஏலம் உண்டு, அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதும் உண்டு. விலை ஏறுவதற்காகக் கூவிய சொல் விலை இறங்கியதைக் கூவும் சொல்லாகிவிட்டது. நானாக யோசித்துக் கண்டது என்னவென்றால், வேண்டாத சரக்கும் கைவிட்ட சரக்கும்தான் பெரும்பாலும் ஏலத்துக்கு வரும். வாங்க வருபவர் 'குறைந்த விலைக்குக் கிடைக்கும்' என்ற எண்ணத்தோடுதான் வருவார். வாங்குபவர் மனதில் இருந்த பொருள் சொல்லின் மேல் ஏறிவிட்டது.

ஓசை ஒத்த சொல்லை நம்பாதே என்று புதிதாக வருபவர்களுக்கு இப்போதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

---

மெய்ப்புக்காரன் எழுதியது:

அக்கா, தெலுங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஏலம் கேட்பதற்கு 'வேலம்பாட்ட'. பாட்ட என்றால் பாட்டு. ஏலம் கேட்பவர் 'பாட்டதாரு'. ஒரு சங்கதிக்காக ஊரே பித்துப்பிடித்து அலைந்தால் 'வேலம்வெர்ரி' என்கிறார்கள், ஏலப் பைத்தியம். நம்மிடம் அப்படி ஒரு சொல் இல்லையே என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

---

அலைவாய் எழுதியது:

இருகரையாள் சொன்னதைப் படித்ததும் நம் பேச்சுத் தமிழை யோசித்தேன். 'வீட்டு விஷயத்தை ஊரெல்லாம் ஏலம் போடாதே' என்கிறோம். அதில் விற்பனை எங்கே இருக்கிறது? ஒன்றும் விற்கவில்லை, வாங்க ஆளும் இல்லை. ஊரறியக் கூவுதல் மட்டுமே மிச்சம். அரபி 'இஃலாம்' என்பதன் பொருளும் அதுதானே, அறிவித்தல்! இன்றைய அரபியில் செய்தி ஊடகங்களுக்கே 'இஃலாம்' என்றுதான் பெயர். ஒலியும் பழைய இடத்துக்கு வந்தது, பொருளும் வந்தது. சொல்லுக்குத் தன் வேர் ஞாபகம் இருந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

---

ஒலிக்கூடம் எழுதியது:

அலைவாய், உங்கள் ஆர்வத்தைக் குறைக்க மனமில்லை, ஆனால் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சொல்லுக்கு ஞாபகம் கிடையாது. ஏலம் விடுபவர் உரக்கக் கூவுவார், அதைக் கண்ணால் பார்த்தவர்கள் 'ஏலம் போடுதல்' என்பதைக் கூவுதலுக்கு எடுத்துக்கொண்டார்கள். அரபி தெரியாமலே அந்தப் பொருளுக்கு வந்துசேரலாம். காரணம் வேரில் இல்லை, ஏலம் நடக்கும் விதத்தில் இருக்கிறது.

பிற மொழிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஏலத்துக்குப் பெயர் வைத்தவர்களில் ஒரு சாரார் விலை ஏறுவதைப் பார்த்து வைத்தார்கள். ஆங்கில 'ஆக்ஷன்' லத்தீனில் 'பெருக்கு' என்ற வினையிலிருந்து வந்தது, அரபியில் ஏலத்துக்கு இன்று வழங்கும் 'மஸாத்' என்பதும் கூடுதல் என்ற பொருளிலிருந்துதான். இன்னொரு சாரார் கூவலைக் கேட்டு வைத்தார்கள். இஃலாம் அந்த வகை. சுவாஹிலியில் ஏலத்துக்கு 'ம்னாடா', அரபியில் கூவி அழைப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து போனது. ஸ்பானிஷ் 'அல்மொனேதா'வும் அதே அரபி வேர்தான், அதில் 'அல்' முழுசாகவே ஒட்டியிருக்கிறது.

கன்னடத்தில் ஏலத்துக்கு 'ஹராஜு' என்ற வேறொரு அரபி வழிச் சொல் புழங்குகிறது. அவர்களும் 'மானம் ஹராஜு' என்கிறார்கள். சொல் வேறு, வந்த வழி வேறு, ஆனால் உருவகம் நம்முடையதேதான். வேர்தான் காரணம் என்றால் இது நடந்திருக்காது.

---

அலைவாய் எழுதியது:

கன்னட எடுத்துக்காட்டு என்னை மடக்கிவிட்டது. 'ஞாபகம்' என்ற பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'ல்' உதிர்ந்த கதையை விடமாட்டேன்!

---

வேர்நாடி எழுதியது:

நண்பர்களே, நான்கு நாளாக எதுவும் எழுதாமல் தேடிக்கொண்டிருந்தேன். 'இஃலாம்' என்பதன் அரபி வேர் அறிவு சார்ந்தது. இல்ம் என்றால் அறிவு. கற்றறிந்தவர் ஆலிம், இது தமிழ் முஸ்லிம்களின் நாவில் தினமும் புழங்கும் சொல். கற்பிப்பவர் முஅல்லிம். கடல் வழி அறிந்து கப்பலை நடத்துபவரையும் முஅல்லிம் என்றே அழைத்திருக்கிறார்கள். 1498இல் கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மாலிந்தியிலிருந்து வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டிய ஆளைப் போர்ச்சுகீசியர் 'மலேமோ' என்று எழுதிவைத்ததும் இதே சொல்தான். நம் 'மாலுமி' அதிலிருந்து வந்தது.

மாலுமி தமிழ்ச் சொல் என்று இத்தனை வருடம் வாதாடியவன் நான். படித்த அன்று எனக்கு மனசு கனத்தது உண்மை. மறுநாள் குறிப்பேட்டில் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்: ஆலிம், மாலுமி, ஏலம். முதல் சொல் மார்க்கக் கல்வியோடு வந்தது, இரண்டாவது அரபு மாலுமிகளின் கப்பலில், மூன்றாவது போர்ச்சுகீசியரிடம் ஒரு சுற்று சுற்றிவிட்டு. மூன்று வழியாக மூன்று உருவில் தமிழுக்குள் வந்து, உறவு தெரியாமல் ஒரே வாக்கியத்தில்கூட உட்கார்ந்திருக்கும். இந்தி பேசுபவர்களிடமும் இல்ம், மாலூம், நீலாம் என்று இதே மாதிரி மூன்று இருக்கின்றன. 'ஏல்+அம்' எழுதியிருந்த பக்கத்தை அடித்துவிட்டு இதை எழுதியிருக்கிறேன்.

---

ஒலிக்கூடம் எழுதியது:

ஐயா, இந்த இழையிலேயே சிறந்த பதிவு உங்களுடையதுதான்.

---

இருகரையாள் எழுதியது:

வேர்நாடி ஐயாவின் பதிவு எனக்கு நேராகவே உதவியது. என் மேசையில் ஓர் இந்தோனேசியக் கட்டுரை ஒரு வாரமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அதில் 'லெலாங் ஜபாத்தான்' என்று வருகிறது. சொல்லுக்குச் சொல் எழுதினால் 'பதவி ஏலம்'. 2013இல் ஜோக்கோ விடோடோ ஜகார்த்தா ஆளுநராக இருந்தபோது, மாவட்டத்துக்குக் கீழ்நிலை அதிகாரிகளின் பதவிகளுக்குத் தகுதியுள்ள அரசு ஊழியர் யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம் என்று திறந்துவிட்டார்கள். அதற்கு அங்கே பெயர் இது. வேண்டியவருக்குக் கதவுக்குப் பின்னால் பதவி கொடுப்பதை நிறுத்துவதுதான் நோக்கம்.

தமிழில் 'பதவி ஏலம்' என்று எழுதினால் என்ன ஆகும்? காசு கொடுத்தவனுக்குப் பதவி என்று ஆகிவிடும். நேர் எதிர்ப் பொருள். 'திறந்த போட்டி' என்று போட்டுப் பார்த்தேன், எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிவிட்டுச் செய்கிறார்கள் என்ற அழுத்தம் அதில் வரவில்லை. இங்கே 'இஃலாம் என்றால் அறிவித்தல்' என்று படித்த பிறகுதான் அந்த இந்தோனேசியச் சொல்லில் நான் தேடிக்கொண்டிருந்தது எது என்று பிடிபட்டது. விலை அல்ல, கூவல்.

'ஊரறிய அறிவித்துத் தேர்ந்தெடுத்தல்' என்று எழுதி இன்று காலை அனுப்பிவிட்டேன்.